காமடோர் 64: பழைய பவர் சப்ளையா, புதியதா?

1982இல் வந்த வீட்டுக் கணினியான காமடோர் 64ஐ மீண்டும் ஓட வைக்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கணினியை அல்ல, கூடவே வந்த கனமான கறுப்புப் பெட்டியை, அதாவது பவர் சப்ளையை. அது 5 வோல்ட் டிசியும் 9 வோல்ட் ஏசியும் தருகிறது. மின்னழுத்தத்தைச் சீராக வைக்க உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் கெட்டால் 5 வோல்ட் எகிறிவிடும். ராம் (நினைவக) சில்லுகளுக்கு அந்த மின்சாரம் நேராகப் போவதால் முதல் பலி அவைதான். மீட்டரில் இன்று சரியாகக் காட்டியது, சூடேறிய பிறகும் அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது.

செலவு
பழையது: கையில் இருக்கிறது, மின்னழுத்தம் எகிறினால் கணினிக்குப் போகும் மின்சாரத்தை வெட்டிவிடும் மிகை மின்னழுத்தத் தடுப்பான் மட்டும் வாங்கினால் போதும்.
புதியது: விலை கூடுதல். ஆனால் செத்த ராம் சில்லுகளைக் கழற்றி மாற்றும் பாட்டை நினைத்தால் அது பெரிதில்லை.

பழுது பார்ப்பது
பழையது: பல பெட்டிகளில் உள்ளே எபாக்சி என்ற கெட்டியாகும் பிசினை ஊற்றி இறுக்கியிருப்பார்கள், திறக்கவே முடியாது. சூடும் வெளியேறாது, அதுவே சீக்கிரம் கெட ஒரு காரணம்.
புதியது: பெரும்பாலும் திருகைக் கழற்றினால் ஃபியூஸ் வரை கை எட்டும்.

எப்போதாவது எடுத்துக் காட்டுபவருக்கும், பழைய பொருள் அப்படியே இருக்க வேண்டும் என்பவருக்கும் தடுப்பானோடு பழையதே போதும், 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 5.25ஐத் தாண்டினால் அன்றே ஒதுக்கிவிடுங்கள். வாரா வாரம் விளையாடுபவர் தயங்காமல் புதியதை வாங்கலாம். 9 வோல்ட் ஏசியும் வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள், ஒலிச் சில்லுக்கான மின்சாரம் அதிலிருந்துதான் வருகிறது.