நடுநிலை வகுப்புகளுக்கான இலக்கியப் பாடம்: வீட்டுக்கல்வியில் எங்கள் நான்கு ஆண்டு அனுபவம்

டெக்சாஸில் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கல்வி அளிக்கும் கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. மூத்த மகள் எட்டாம் வகுப்பை முடித்துவிட்டாள். மகன் இப்போது ஏழில் இருக்கிறான். இந்த நான்கு ஆண்டுகளில் இரண்டு இலக்கியப் பாடத்திட்டங்களைப் பயன்படுத்தியிருக்கிறோம்.

இங்கே வீட்டுப் பள்ளி சட்டப்படி ஒரு தனியார் பள்ளி. 1994-இல் மாநில உச்ச நீதிமன்றமே அதை உறுதிசெய்தது. வாசிப்பு, எழுத்துக்கூட்டு, இலக்கணம், கணிதம், நற்குடிமை ஆகிய ஐந்தையும் முறையான பாடத்திட்டத்தைக் கொண்டு நேர்மையாகக் கற்பித்தால் போதும். எந்தக் கதையை வாசிக்க வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தப் பொறுப்பு முழுவதும் நம் தலையில்தான் விழுகிறது.

ஆறாம் வகுப்புக்கு ஒரு கிறிஸ்தவப் பதிப்பகத்தின் தொகுப்பு நூலை வாங்கினோம். பெரிய நாவல்களிலிருந்து நான்கைந்து பக்கத் துணுக்குகளும், ஒவ்வொன்றின் முடிவிலும் இந்தப் பாத்திரம் எந்தக் கட்டளையை மீறியது என்பது போன்ற வினாக்களும், ஆசிரியர் பதிப்பில் அவற்றுக்கான விடைகளும் இருந்தன. திருத்துவதற்கு மிகவும் எளிது என்பதால் எனக்கு அது பிடித்தே இருந்தது. ஏழு மாதம் கழித்து ஒரு நாள், மகள் கதையைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் பத்து வினாக்களுக்கு விடை எழுதியிருந்ததையும், அவற்றில் எட்டு சரியாக இருந்ததையும் கண்டேன். எந்த விடையை எதிர்பார்க்கிறார்கள் என்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

கிறிஸ்தவப் பாடத்திட்டம் என்றால் என்ன என்று நானும் கணவரும் முதல்முறையாகப் பேசியது அன்றைக்குத்தான். வேதாகமத்தில், பிறன் மனைவியை அபகரித்த தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி ஒரு ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பறித்த பணக்காரனின் கதையைச் சொல்லும்போது, அதன் நீதியை முதலில் விளக்கவில்லை. ராஜா தானே கோபங்கொண்டு தீர்ப்புச் சொல்லும்வரை காத்திருந்தார். எங்கள் பாடநூலோ கதைக்கு முன்பே தீர்ப்பைக் கையில் கொடுத்துவிட்டது.

ஏழாம் வகுப்பிலிருந்து ஆம்பிள்சைடு ஆன்லைன் என்ற இலவசத் திட்டத்துக்கு மாறினோம். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்து ஆம்பிள்சைடு என்ற ஊரில் பணிபுரிந்த ஷார்லட் மேசன் (1842–1923) என்ற கல்வியாளரின் முறையைப் பின்பற்றுவது அது. ஆண்டுக்கு மூன்று பருவங்கள், பருவத்துக்குப் பன்னிரண்டு வாரங்கள்; துணுக்குகளுக்குப் பதில் முழு நூல்கள். ஒரு பகுதியை ஒரே முறை வாசித்துவிட்டு, பிள்ளை அதைத் தன் சொற்களில் திரும்பச் சொல்ல வேண்டும். பழைய நூல்கள் பல பதிப்புரிமை முடிந்தவை என்பதால் இணையத்தில் இலவசமாகவே கிடைத்தன. மற்றவற்றை நூலகத்தில் எடுத்துக்கொண்டோம்.

முதல் பருவம் எங்களைப் படாதபாடு படுத்தியது. வால்டர் ஸ்காட்டின் 'ஐவன்ஹோ' 1819-இல் வெளியான நாவல். அதன் ஒரே வாக்கியம் அரைப் பக்கம் ஓடும். ஐந்து வாரம் அவள் திரும்பச் சொன்னதெல்லாம் மூன்று வரிகளைத் தாண்டவில்லை. பிறகு ஒலிநூலைக் கேட்டுக்கொண்டே வாசிக்கச் செய்தோம், வேகம் பிடித்தது. கோட்டைச் சிறையில் ரெபெக்காள் வரும் இடத்தை அடைந்தபோது மகளே புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டாள்: "சிலுவை அணிந்த வீரன் அவளைக் கடத்துகிறான், யூதப் பெண்ணான அவளோ உயிர்போனாலும் தன் விசுவாசத்தை விடமாட்டேன் என்கிறாள். இதில் யார் தேவனுக்குப் பயந்தவர்?" பழைய பாடநூலில் இப்படி ஒரு வினாவை நான் பார்த்ததே இல்லை. இடைக்கால ஐரோப்பாவில் கிறிஸ்தவர்கள் யூதர்களை நடத்திய விதத்தைப் பற்றி அந்த வாரம் முழுவதும் பேசினோம். எனக்கும் அது எளிதான பேச்சாக இருக்கவில்லை.

குறைகளும் உண்டு. விடைக்குறிப்பு கிடையாது என்பதால் பெற்றோர் ஒவ்வொரு நூலையும் தாமே வாசித்தாக வேண்டும்; வாரத்துக்கு நான்கு மணி நேரமாவது எனக்கு அதற்கே போனது. வாயால் அழகாகச் சொல்லத் தெரிந்த மகளுக்குக் கட்டுரையைப் பத்தி பிரித்து எழுதத் தெரியவில்லை. எட்டாம் வகுப்பில் தனியாக ஒரு எழுத்துப் பயிற்சி நூலைச் சேர்க்க வேண்டியிருந்தது. பிள்ளையைப் பின்னர் பொதுப் பள்ளியில் சேர்க்கும் எண்ணமுள்ளவர்கள் மதிப்பெண் பதிவுகளைத் தொடக்கத்திலிருந்தே தாமாகத் தயாரித்துக்கொள்வது நல்லது. இருவரும் வேலைக்குப் போகும் குடும்பம் என்றால் சன்லைட் என்ற கிறிஸ்தவ வீட்டுக்கல்வித் திட்டம் போன்றதை முதலில் பார்க்கச் சொல்வேன் (ஆங்கிலத்தில் சூரிய ஒளியைக் குறிப்பதுபோல ஒலித்தாலும், அது தேவகுமாரனாகிய இயேசுவின் ஒளி என்ற சொல்விளையாட்டு). கதைநூல்களும் வாரவாரியாக வகுத்த ஆசிரியர் கையேடும் அதில் சேர்ந்தே வரும், விலை மட்டும் கூடுதல்.

எட்டாம் வகுப்பில் நாங்களாகச் சேர்த்தது ஒன்று உண்டு. ஜான் பன்யன் 1678-இல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையை ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு, அதைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை எழுதி 1894-இல் வெளிவந்த 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற தமிழ்க் காவியத்தின் சில பாடல்களை, பாளையங்கோட்டையிலிருந்து என் அத்தை தொலைபேசியில் வாசித்துப் பொருள் சொல்லக் கேட்டோம். மகளுக்குப் பாதி விளங்கவில்லை. ஆனால், தனக்கு ஏழு வயதிருக்கும்போது தன் தகப்பனார் அந்தப் பாடல்களைப் பாடக் கேட்டதாக அத்தை சொன்னதை மட்டும் அன்றிரவு தன் குறிப்பேட்டில் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள்.

மகனுக்கும் இதே திட்டம்தான். 'ஐவன்ஹோ'வை மட்டும் இரண்டாம் பருவத்துக்குத் தள்ளிவைத்து, ஒலிநூலை முதல் நாளிலிருந்தே கொடுக்கப்போகிறேன்.