25 வருஷம் ஓடற டயர் 14 வயசு காருக்கு எதுக்கு? - ஆல் சீசன் டயர் மாத்துன அனுபவம்

காருக்கு நாலு டயரும் ஆல் சீசனா (வெயில், மழை, லேசான பனி எல்லாத்துக்கும் ஒரே டயர்) மாத்தி அஞ்சு மாசம் ஆச்சு, 2,000 கிலோமீட்டர் ஓட்டியாச்சு, இப்போ எழுதலாம். மாட்டுன அன்னைக்கே "செம்ம ஸ்மூத்து"ன்னு எழுதறதுல அர்த்தமே இல்லங்க, பழைய டயர்ல இருந்து மாறுனா எந்த புது டயரும் செம்மயாதான் தெரியும். அதுவும் மோல்டுல ஒட்டாம வரதுக்காக பூசுன வழவழப்பு முதல் சில நூறு கிலோமீட்டர் வரைக்கும் மேல இருக்கும், அது தேஞ்சு போற வரைக்கும் டயரோட உண்மையான பிடிப்பு தெரியாது.

கார் 14 வயசு செடான். அப்பா ஓட்டிட்டு இருந்தது, இப்ப என்கிட்ட. வருஷத்துக்கு 5,000 கிலோமீட்டர் ஓடுனா பெருசு. இந்த 5,000 முக்கியம், ஞாபகம் வச்சுக்கோங்க. டயர் சைஸ் 205/55 ஆர்16 91வி.

மாத்தணும்னு தோணுனதுக்கு தேய்மானம் காரணமே இல்ல. அளந்து பாத்தா பட்டன், அதாவது ரோட்டுல பதியற மேடு, இன்னும் மூணரை மில்லிமீட்டர் இருந்துச்சு, நிறைய நாடுகள்ல சட்டம் கேக்கறது 1.6 தான். ஆனா ஒரு நாள் மழைல சிக்னல்ல கால் வச்சேன், ஏபிஎஸ் (பிரேக்ல சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கறது) கடகடன்னு அடிக்குது, வண்டி பாட்டுக்கு கோட்ட தாண்டி போய் நிக்குது. பின்சீட்ல அம்மா ஒண்ணும் சொல்லல, அதுதான் இன்னும் பயமா இருந்துச்சு. வீட்டுக்கு வந்து டார்ச் அடிச்சு பாத்தா டயர் ஓரமெல்லாம் தலைமுடி கணக்கா வெடிப்பு. டிஓடின்னு ஆரம்பிக்கற எழுத்து வரிசையோட கடைசில நாலு நம்பர் இருக்கும்ல, அது 1816. அதாவது 2016ஆம் வருஷம் 18ஆவது வாரம் செஞ்ச டயர். ஒம்போது வருஷம். 45,000 கிலோமீட்டர் கூட ஓடாத டயர், வயசாகியே செத்துப்போச்சு.

அங்கதான் என் மண்டைல மணி அடிச்சுது, ஆனா கடைக்கு போனதும் மறந்துட்டேன். கடைக்காரர் ரொம்ப மரியாதையான ஆளு, எடுத்ததுமே "சார் இது லைஃப் டயர், ட்ரெட்வேர் 800, திரும்பி பாக்க வேணாம்"னாரு. ட்ரெட்வேர்ங்கறது டயர் எவ்ளோ மெதுவா தேயும்னு காட்டற நம்பர். நானும் தலையாட்டிட்டேன். அட்வான்ஸ் குடுக்கப் போற நேரத்துல சும்மா போன்ல கணக்கு போட்டேன். இந்த வகைல நல்ல பேர் இருக்கற கான்டினென்டல் ட்ரூகான்டாக்ட் டூர் மாதிரி டயருக்கெல்லாம் 80,000 மைல் வரைக்கும் வாரன்டி, அதாவது கிட்டத்தட்ட 1,28,000 கிலோமீட்டர். என் ஓட்டத்துக்கு வகுத்தா 25 வருஷம்! காருக்கு அப்போ 39 வயசு ஆகியிருக்கும். ரப்பர் அதுக்கு ரொம்ப முன்னாடியே வெறைச்சு போயிடும், கார் கம்பெனிகள் பலதும் பட்டன் இருந்தாலும் 6 வருஷத்துல மாத்துங்கன்னுதான் சொல்றாங்க, எப்படி பாத்தாலும் 10 தாண்டக்கூடாது. வாரன்டிலயும் பெரும்பாலும் வருஷக் கணக்குக்கு ஒரு வரம்பு போட்டிருப்பாங்க, சின்ன எழுத்துல. ட்ரூகான்டாக்ட் மோசமான டயர்னு சொல்ல வரல, தினமும் நூறு கிலோமீட்டர் ஓட்டறவங்களுக்கு அருமையான விஷயம் அது. நம்ம மாதிரி வாரத்துக்கு நூறு ஓட்டறவங்க, தேயவே போகாத ஆயுசுக்கு காசு குடுத்துட்டு, மழைல நிக்கற பிடிப்ப விட்டுடறோம். நிறைய டயர்ல இந்த ரெண்டும் ஒண்ணு ஏறுனா ஒண்ணு எறங்கற சமாச்சாரம்தான், ரெண்டையும் சேத்து குடுக்க கம்பெனிக்காரங்க மண்டைய ஒடைச்சுக்கறாங்க.

இன்னொண்ணு, அந்த ட்ரெட்வேர் நம்பர தனியா ஒரு ஆபீஸ்ல டெஸ்ட் பண்ணி குடுக்கறாங்கன்னு நான் நெனச்சுட்டு இருந்தேன். இல்லவே இல்ல, தயாரிக்கற கம்பெனியே போட்டுக்கறது. ஒரே கம்பெனியோட 500க்கும் 800க்கும் நடுவுல ஒப்பிட உதவும், இந்த கம்பெனி 700 அந்த கம்பெனி 640ன்னு ஒப்பிடறது வேஸ்ட்.

சரி, ஆல் சீசன்ல எத எடுக்கறதுங்கறதுக்கு வரேன். டயர் ஓரத்துல எம்+எஸ்னு (மட் + ஸ்னோ, அதாவது சேறும் பனியும்) போட்டிருந்தா பனிக்கும் ஆகும்னு நம்பிடாதீங்க, அது பட்டன் வடிவத்த வச்சு போடற முத்திரை, பனில ஓட்டி பாத்து குடுக்கறது இல்ல. மூணு சிகரம் உள்ள மலையும் நடுவுல பனித்துகளும் வரைஞ்ச ஒரு சின்ன படம் இருக்கும் பாருங்க, அதுதான் நிஜமாவே பனில டெஸ்ட் பண்ணது. அந்த டெஸ்ட்டும் பிரேக்குக்கும் வளைவுக்கும் இல்ல, பெரும்பாலும் பனில இழுத்து கெளம்பறத அளக்கறது, அதனால அந்தப் படம் இருக்குன்னு பனில பறக்க வேணாம். மிஷெலின் கிராஸ்கிளைமேட் 2 இந்தப் படம் போட்ட டயர், அம்பு மாதிரி வி வடிவ பட்டன். எனக்கு பெரும்பாலும் மழை, கொஞ்சம் குளிர், வருஷத்துக்கு ரெண்டு மூணு நாள் பனி. அதனால இந்த ரக டயர்தான்னு முடிவு பண்ணேன். பனியே பாக்காதவங்களுக்கு இது தேவையே இல்ல, நல்ல ஈரப்பிடிப்பு உள்ள சாதா டூரிங் டயர் போதும், சத்தமும் கம்மியா இருக்கும். வாரக்கணக்குல பனில கெடக்கறவங்களுக்கு ஆல் சீசனே போதாது, தனி வின்டர் டயர் போடுங்க.

கடைசில நான் எடுத்தது மேல சொன்ன ரெண்டும் இல்ல, அதே மலைப்படம் போட்ட இன்னொரு மாடல். பேர் போடல, காரணம் ஒரே மாடல் ஒரு சைஸ்ல ஒரு மாதிரி இன்னொரு சைஸ்ல வேற மாதிரி நடந்துக்கும், நான் நல்லாருக்குன்னு சொன்னத நம்பி நீங்க வேற சைஸ் வாங்கிட்டு என்ன திட்டக்கூடாது. 205க்கு பதிலா இன்னும் அகலமா 215 போட்டா பாக்க கெத்தா இருக்கும்னு கடைல ஆசை காட்டுனாங்க, வேணாம்னுட்டேன். 91ங்கறது ஒரு டயர் 615 கிலோ தாங்கும்னு அர்த்தம், வி 240 கி.மீ. வேகம் வரைக்கும். வண்டி என்ன கேக்குதோ அதுக்கு கீழ மட்டும் எறங்காதீங்க.

மாட்டற அன்னைக்கு ஒரு கூத்து. நாலு டயர் உருட்டிட்டு வந்தாங்க, ரெண்டுல நம்பர் 0825, ரெண்டுல 4121. மூணு வருஷத்துக்கு மேல குடோன்ல தூங்குனது. "சார் ஓடாத டயர் புதுசுதானே"ன்னாரு. நெறைய ஓட்டறவங்களுக்கு அது ஓரளவு சரி, ஏன்னா வயசாகறதுக்கு முன்னாடி தேஞ்சுடும். என்கிட்ட டயருக்கு மொத்த ஆயுசே ஆறு வருஷம்தான், அதுல பாதிய குடோன்லயே தின்னுட்டு வந்தா எப்படி? முடியாதுன்னு நின்னேன், ரெண்டு நாள் கழிச்சு வேற வந்துச்சு. கவனிச்சுக்கோங்க, மாட்டறதுக்கு முன்னாடி பாருங்க, மாட்டுனதுக்கு அப்புறம் யாரும் திரும்ப எடுக்க மாட்டாங்க.

பழைய காருக்குன்னு ஒரு தனி செலவு இருக்கு, அத யாரும் முன்னாடியே சொல்ல மாட்டாங்க. கழட்டுன பழைய டயர்ல முன்னாடி வலது பக்கம் மட்டும் உள் ஓரம் தேஞ்சிருந்துச்சு, பின்னாடி ஒண்ணுல மேடு பள்ளமா தட்டுப்பட்டுச்சு. உள் ஓரம் தேஞ்சா அலைன்மென்ட் (சக்கரக் கோணம்) இல்லனா புஷ் (சஸ்பென்ஷன்ல இருக்கற ரப்பர்) போயிருக்கு, மேடு பள்ளம்னா ஷாக் அப்சார்பர் அவுட். நடுவுல மட்டும் தேஞ்சா காத்து அதிகம், ரெண்டு ஓரமும்னா காத்து கம்மி. பழைய டயர தூக்கி போடறதுக்கு முன்னாடி இத ஒருதடவ தடவி பாத்துடுங்க, இல்லாட்டி புது டயரும் அதே மாதிரிதான் போகும். நான் கீழ் ஆர்ம் புஷ், பின் ஷாக் ரெண்டு, அப்புறம் அலைன்மென்ட்னு போய் அது டயர் பில்ல விட கொஞ்சம்தான் கம்மி. வால்வும் மாத்திக்கோங்க, அது சின்ன காசு. நைட்ரஜன் வேணுமான்னு கேட்டாங்க, சாதா காத்துலயே 78% நைட்ரஜன்தான்யா. எவ்ளோ காத்துங்கறது டிரைவர் கதவு பக்கத்துல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல இருக்கும், டயர்ல போட்டிருக்கறது அதிகபட்சம், அத பாத்து அடிக்காதீங்க.

பட்ஜெட் இல்லாம ரெண்டு மட்டும் மாத்தறவங்க, புதுச பின்னாடி போடுங்க. முன்சக்கர இழுவை வண்டியா இருந்தாலும் அப்படித்தான். முன்னாடி வழுக்குனா வண்டி நேரா போகும், கால எடுத்தா ஓரளவு அடங்கும், தண்ணில பின்னாடி வழுக்குனா சுத்திடும், அத சமாளிக்க நம்மால ஆகாது.

இப்போ ஓட்டம். மழைல பிரேக் அடிச்சா வண்டி உக்காருது, வேற வார்த்தை இல்ல. அதே சிக்னல், அதே மாதிரி மழை, கோட்டுக்கு முன்னாடியே நின்னுச்சு. ஸ்டியரிங் கொஞ்சம் மெத்துன்னு இருக்கு, வேகமா வளைக்கறப்ப அரை செகண்ட் யோசிக்கற மாதிரி, குடும்ப வண்டிக்கு பரவால்ல. 80க்கு மேல லேசா ஒரு ரீங்காரம், பாட்டு போட்டா தெரியாது. நான் எடுத்ததும் அம்பு பட்டன்ங்கறதால ரொட்டேஷன் பண்றப்ப, அதாவது சமமா தேய டயர இடம் மாத்தறப்ப, அதே பக்கத்துல முன்ன பின்ன மட்டும்தான் மாத்த முடியும்.

மைலேஜ் கொறஞ்ச மாதிரி காட்டுச்சு, முதல்ல கடுப்பாயிட்டேன். அப்புறம்தான் புரிஞ்சுது, புது டயர் பட்டன் முழுசா இருக்கறதால சுத்தளவு பெருசு. தேஞ்சு 2 மி.மீ. ஆன டயருக்கும் 8 மி.மீ. புது டயருக்கும் என் சைஸ்ல கிட்டத்தட்ட 2% வித்தியாசம், அதாவது நெஜமா 102 கிலோமீட்டர் போனா மீட்டர் 100னு காட்டும். என்னுது மூணரைல இருந்து மாறுனதால ஒன்றரை சதவீதம் அதுலயே போயிடுச்சு. மிச்சம் கொஞ்சம் நெஜமாவே கொறஞ்சிருக்கு, பட்டன் ஆழம் அதிகம்னா டயர் உருள்றதுக்கு வர்ற எதிர்ப்பும் அதிகம், மறுக்கல.

எல்லாம் முடிச்சு பெருமையா டிக்கிய தொறந்து ஸ்டெப்னிய பாத்தேன். ரோட்டையே பாக்காத டயர், பட்டன் பளபளன்னு முழுசா இருக்கு. நம்பர் 2311. வெடிப்பு விரல் நகம் போற அளவுக்கு.