கண்ணுக்குத் தெரியாத கெடு: அந்தக் கொல்லன் மகன் கேமைத் தொடங்கும் முன் படியுங்கள்

2018இல் வந்த "கிங்டம் கம்: டெலிவரன்ஸ்" (Kingdom Come: Deliverance) என்ற மத்தியகால ரோல் பிளேயிங் கேமை இப்போது புதிதாகத் தொடங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 1403ஆம் ஆண்டு, பொகீமியா (இன்றைய செக் நாட்டின் பகுதி), ஸ்காலிட்ஸ் ஊர்க் கொல்லனின் மகன் ஹென்றியாகத்தான் நாம் விளையாடுகிறோம். மந்திரம் கிடையாது, டிராகன் கிடையாது. அரசர் வென்செஸ்லாஸைச் சிறைபிடித்த அவருடைய மாற்றாந்தாய்ச் சகோதரர் சிகிஸ்மண்ட், ஸ்காலிட்ஸைத் தாக்கி எரித்தது வரலாற்றில் நடந்த சம்பவம். கதை அங்கேதான் தொடங்குகிறது. அதற்காகவே ஆசைப்பட்டு வாங்கினேன்.

கேம் கடினமாக இருந்தது என்பது என் புகார் அல்ல. ஹென்றிக்கு வாள் பிடிக்கத் தெரியாது. படிக்கவும் தெரியாது, புத்தகத்தைத் திறந்தால் எழுத்தெல்லாம் இடம் மாறிக் குழம்பிக் கிடக்கும். உஷிட்ஸ் ஊரில் ஓர் எழுத்தரிடம் பாடம் கேட்ட பிறகு அந்த எழுத்துகள் கொஞ்சம் கொஞ்சமாக நேராகும். வில்லை எடுத்தால் குறிபார்க்கத் திரையில் புள்ளி இருக்காது, கை பழகித்தான் ஆக வேண்டும். இதெல்லாம் எனக்குப் பிடித்தது. தோற்றால் ஏன் தோற்றோம் என்று தெரிந்தது.

சிக்கல் மெர்ஹோயெட் கிராமத்தில் ஆரம்பித்தது. ஊரில் பலர் நோயில் விழுந்து கிடக்கிறார்கள். நோயாளிகளைப் பார்த்து அறிகுறிகளைக் குறித்துக்கொண்டு, சாசாவ் மடாலயத்தில் மருத்துவம் தெரிந்த துறவியிடம் போய்க் கேட்டு, மருந்தைக் காய்ச்சிக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். நல்ல குவெஸ்ட் (கேம் நமக்குத் தரும் வேலை). ஆனால் அதற்கு ஒரு கெடு உண்டு. எத்தனை நாள், எத்தனை மணி நேரம் என்று குவெஸ்ட் குறிப்பில் ஒரு வார்த்தை இல்லை. மற்ற பல குவெஸ்ட்கள் நாம் வரும்வரை பொறுமையாகக் காத்திருக்கும். அந்தப் பழக்கத்தில் இதையும் அப்படியே நினைத்துக்கொண்டேன்.

வழியில் ரத்தாய் நகரத்தில் காவலன் நிறுத்திச் சோதனை போட்டான். என் பையில் திருட்டுப் பொருள் ஒன்று இருந்தது. சில நாள் முன்பு ஒரு வீட்டில், மேசை அருகே நின்ற ஆளோடு பேசப் போய், மேசை மேல் இருந்ததை எடுத்துவிட்டேன். பேசுவதற்கும் எடுப்பதற்கும் ஒரே பொத்தான். பார்வை ஒரு விரற்கடை விலகினால் ஹென்றி திருடனாகிவிடுவான். எடுத்த பொருளின் மேல் திருட்டு முத்திரை பல நாள் ஒட்டிக்கொண்டே இருக்கும். அபராதம் கட்டு, இல்லையென்றால் சிறைக்குப் போ என்றார்கள். கையில் போதுமான குரோஷென் (அந்தக் காலத்துக் காசு) இல்லை. சரி, சிறைதானே என்று ஒப்புக்கொண்டேன்.

அந்த ஒரு பொத்தானில்தான் எல்லாம் போனது. சிறையில் நாட்கள் ஓடும்போது வெளியே அந்தக் கெடுவும் ஓடுகிறது. வெளியே வந்த ஹென்றியின் உடம்பும் திறமையும் கொஞ்ச காலத்துக்குக் குன்றிப்போயிருந்தன. மருந்தைக் காய்ச்சிக்கொண்டு குதிரையை விரட்டிப் போய்ச் சேர்ந்தபோது, நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தவர்கள் இறந்து கிடந்தார்கள். உறவினர்கள் என்னைக் குற்றம் சொன்னார்கள். கதை எதுவும் நடக்காதது போல மேலே நகர்ந்தது. எனக்கு அன்று முழுக்க மனசு சரியில்லை.

பழைய சேவ் ஃபைலுக்குத் திரும்பலாமே என்று கேட்பீர்கள். இந்த கேமில் நினைத்தபோதெல்லாம் சேவ் செய்ய முடியாது. சொந்தப் படுக்கையிலோ வாடகைப் படுக்கையிலோ தூங்க வேண்டும், அல்லது அதற்கென்றே இருக்கும் ஒரு சாராயத்தைக் குடிக்க வேண்டும். சில குவெஸ்ட்களின் தொடக்கத்தில் கேம் தானாகச் சேவ் செய்துகொள்ளும். என்னிடம் அந்தச் சாராயம் தீர்ந்திருந்தது. கடைசியாகத் தூங்கியது சிறைக்கு மூன்று மணி நேரம் முன்னால். கேமுக்குள் மூன்று மணி நேரம் அல்ல, என் வாழ்க்கையில் மூன்று மணி நேரம். வெளியேறும்போது சேவ் ஆகும் வசதியைப் பின்னால் வந்த ஒரு அப்டேட்டில் கொடுத்தார்கள். அதுவும் இந்த மாதிரிச் சமயத்தில் உதவாது.

கெடு வைப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. 1997இல் வந்த ஃபால்அவுட் கேமில், நிலவறை வாசிகளின் தண்ணீர் சுத்திகரிப்புக் கருவிக்கு ஒரு சில்லு கொண்டுவர 150 நாள் என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். நாளை வீணடித்தால் அது நம் முடிவு. இங்கே கெடுவையும் மறைத்து, அதைத் தின்னும் சிறையையும் மறைத்து, திரும்பிப் போகும் வழியையும் அளந்து கொடுத்துவிட்டு, கடைசியில் பழியை மட்டும் நம் தலையில் வைக்கிறார்கள். இதை யதார்த்தம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. நிஜத்தில் நோயாளியின் வீட்டார் ஓடிவந்து "சீக்கிரம் வா" என்று கெஞ்சியிருப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரவில் ஊருக்குள் தீப்பந்தம் இல்லாமல் நடந்தால் காவலர்கள் பிடிப்பார்கள். அந்தக் காலத்து ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் இந்த விதி இருந்தது உண்மைதான். ஆனால் மாட்டிக்கொண்ட பிறகுதான் விதியே தெரிகிறது. பையில் திருட்டு முத்திரை விழுந்த பொருள் இருந்தால், தீப்பந்தத்தில் தொடங்கிய பேச்சு எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே தொடங்கியதும் முதல் வேலையாகப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். படிக்கத் தெரிந்தால்தான் மருந்து காய்ச்சும் முறைகள் கைக்கு வரும். சேவ் செய்யும் சாராயத்துக்கு ஒயினும் செந்தட்டியும் பெல்லடோனாவும் போதும். செந்தட்டி வேலியோரமெல்லாம் கிடைக்கும், பெல்லடோனாவைக் கண்ட இடத்தில் பறித்து வையுங்கள். குறைந்தது ஐந்து புட்டி எப்போதும் பையில் இருக்கட்டும். ஒரே மூச்சில் அதிகம் குடித்தால் ஹென்றிக்குப் போதை ஏறிவிடும், அதையும் கவனியுங்கள். அபராதத்துக்கென்று கொஞ்சம் குரோஷெனைத் தொடாமல் ஒதுக்குங்கள். யாராவது சாகக் கிடக்கிறார்கள், காணாமல் போய்விட்டார்கள் என்று குவெஸ்ட் சொன்னால், கெடு எழுதியிருக்காவிட்டாலும் இருப்பதாகவே வைத்துக்கொண்டு உடனே கிளம்புங்கள்.

மடாலயக் குவெஸ்ட்டுக்கு மட்டும் தனியாகத் தயாராகுங்கள். கொள்ளைக் கூட்டத்து ஆள் ஒருவன் இளந்துறவிகளுக்குள் ஒளிந்திருக்கிறான், அவனைக் கண்டுபிடிக்க ஹென்றியும் அங்கியைப் போட்டுக்கொண்டு உள்ளே போக வேண்டும். போகும்போது கைப்பொருள் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுவார்கள், அந்தச் சாராயப் புட்டிகள் உட்பட. உள்ளே ஜெபம், சாப்பாடு, வேலை, தூக்கம் எல்லாம் மணிக்கணக்கு. நேரம் தவறினாலோ, போகக்கூடாத இடத்தில் கண்காணிப்பாளர் கண்ணில் பட்டாலோ தண்டனை அறையில் அடைப்பார்கள். அங்கேயும் நாட்கள் கழியும். நான் இருமுறை அடைபட்டேன். வெளியே வந்து பார்த்தால் பாதியில் விட்டுப்போன இரண்டு சின்னக் குவெஸ்ட்கள் தோல்வி என்று காட்டின. பாதியில் நிற்கும் வேலைகளை எல்லாம் முடித்துவிட்டு, நுழைவதற்கு முன் ஒரு புட்டி குடித்துச் சேவ் செய்துவிட்டு, அப்புறம் அந்தக் கதவைத் தட்டுங்கள்.