தோடர் பூவேலையை அவர்கள் குடியிருப்பான மந்தில் வாங்கலாம், மலைத்தேனைக் கடையில் வாங்குங்கள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி போய்த் திரும்புகிறவர்கள் அதிகம் தேடுவது இரண்டு பொருள்களை: நீலகிரிப் பழங்குடியினரான தோடர் பெண்கள் கையால் போட்ட பூவேலைத் துணி, காட்டிலிருந்து எடுத்த மலைத்தேன். இரண்டையும் மூன்று வழிகளில் வாங்கலாம். பழங்குடி மக்களிடமே நேரில், அவர்களோடு சேர்ந்து இயங்கும் கடைகளில், சுற்றுலா இடங்களின் ஸ்டால்களில். ஆனால் துணிக்குச் சரியான இடம் தேனுக்குச் சரிவராது. துணி அசலா என்பதைக் கண்ணும் விரலும் சொல்லிவிடும். தேனில் அது நடக்காது.

முதலில் துணி. தோடர் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அடித்துணி முரட்டு நெசவில் வந்த வெளிர்நிறப் பருத்தி. வேலை நடப்பது சிவப்பிலும் கறுப்பிலும், நீலம் எப்போதாவதுதான். பென்சிலால் வரைந்துகொள்வதில்லை, சட்டத்தில் மாட்டி இழுப்பதும் இல்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணி, இழைகளுக்கு நடுவே ஊசியை ஓட்டுகிறார்கள். நூல் திரும்பும் இடங்களில் துளி நூலைத் தளர்வாக விடுவதால் சிறு சிறு வளையங்கள் புடைத்து நிற்கும். அந்தப் புடைப்பு உள்ள பக்கத்தைத்தான் தோடர்கள் நல்ல பக்கமாகக் கொள்கிறார்கள். மறுபக்கமும் அதே கோலம் தெரிவதால் பூத்துக்குளி என்ற போர்வையை இரு பக்கமும் போர்த்தலாம்.

ஆகவே கையில் எடுத்ததும் துணியைத் திருப்புங்கள். கைவேலையில் இரு பக்கமும் அதே கோலம், அதே நிறம் தெரியும். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் வளையங்கள். மெஷின் வேலையில் அடிப்பக்கம் பாபின் நூல் தெரியும், பெரும்பாலும் வெள்ளையாக. தாள் போன்ற பின்னொட்டு ஏதாவது மிச்சம் இருக்கும். அச்சடித்ததாக இருந்தால் பின்னால் வெறும் நிறக்கசிவுதான். சந்தேகம் தீரவில்லையா, ஒரு தையலை நகத்தால் மெல்லத் தூக்குங்கள். கைவேலை நூல் துணி இழைகளின் அடியில் நேர்கோட்டில் புகுந்து போகும். மெஷின் நூல் இழையைக் குத்திக் கிழித்துக்கொண்டு மேலே உட்கார்ந்திருக்கும். வளைந்த கொடி, வட்டப்பூ என்று இருந்தால் இன்னும் கவனம் தேவை: இழை எண்ணிப் போடும் வேலையில் கோடுகள் நேராகவும் படிப்படியாகவும்தான் வரும்.

கைப்பை, பர்ஸ் வகைகளில்தான் ஏமாற வாய்ப்பு அதிகம். உள்ளே லைனிங் தைத்துவிட்டால் பின்பக்கம் மறைந்துவிடும். லைனிங் இல்லாத சால்வை, மேசைவிரிப்பு, சிறு துண்டு இவற்றை முதலில் வாங்குங்கள். பைதான் வேண்டுமென்றால் ஓரத் தையலைக் கொஞ்சம் விலக்கிப் பார்க்கக் கேளுங்கள். அசல் விற்பவர் மறுக்கமாட்டார்.

இந்தச் சோதனை கைவசம் இருந்தால் மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், நேரில் வாங்குவதே மேல். ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு மேட்டிலேயே ஒரு மந்து இருக்கிறது. பணம் முழுதும் தைத்த கைக்குப் போகிறது, எந்த அளவு, எந்தக் கோலம் என்று பேசிக்கொள்ளலாம். குறையும் உண்டு. கையிருப்பு கொஞ்சம்தான் இருக்கும். பெரிய போர்வை வாரக்கணக்கில் உழைப்பைக் கேட்பது, நாளைக்கே வேண்டும் என்றால் கிடைக்காது. அங்கே பால்மடக் கோயிலை (எருமைப்பாலைக் கையாளும் அவர்களின் புனித இடம்) நெருங்காதீர்கள், படம் எடுக்கும்முன் கேளுங்கள். பாதி விலைக்குக் கேட்பதும் வேண்டாம். இழை எண்ணுகிற வேலையில் அவசரத்துக்கு இடமே இல்லை, அந்த நேரம் முழுதும் விலையில் இருக்கிறது.

நேரம் குறைவு, பில் வேண்டும், பல பொருள்களை ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு தமிழக அரசின் கைவினைப் பொருள் கடையான பூம்புகார் விற்பனை நிலையமோ, கோத்தகிரி கீஸ்டோன் அறக்கட்டளையிலிருந்து வளர்ந்த லாஸ்ட் ஃபாரஸ்ட் போன்ற கடையோ பொருந்தும். தோடர் நலவாழ்வு சங்கத்தோடு சேர்ந்து புவிசார் குறியீட்டுக்கு விண்ணப்பித்தவர்களில் பூம்புகாரும் கீஸ்டோனும் உண்டு. ஸ்டாலில் வாங்கக்கூடாது என்பதில்லை. ஆனால் பின்பக்கம் பார்க்காமல் வாங்காதீர்கள்.

வீட்டுக்கு வந்தபின் முதல் துவைப்பில்தான் தவறு நடக்கிறது. சிவப்பு நூல் சாயம் விட்டால் வெளிர்த்துணி முழுக்க ரோஸ் நிறமாகிவிடும். முன்கூட்டியே ஈர வெள்ளைக் கைக்குட்டையைச் சிவப்பின்மேல் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். கறை ஏறினால் உலர்சலவைக்குக் கொடுங்கள். ஏறாவிட்டாலும் குளிர்ந்த நீரில் தனியாக அலசி, முறுக்காமல், நிழலில் உலர்த்துங்கள். நூல் அக்ரிலிக்காக இருந்தால் சூடான இஸ்திரி அதை உருக்கிவிடும். மேலே ஒரு துணி போட்டுக் குறைந்த சூட்டில் தேயுங்கள். வளையல், ஜிப், கொலுசு எல்லாம் அந்த வளையங்களில் மாட்டும்.

இனி தேன். மலைத்தேன் என்பது பெருந்தேனீ பாறையிலும் உயர்ந்த மரத்திலும் கட்டும் கூட்டிலிருந்து வருவது. நீலகிரியின் இன்னொரு பழங்குடியினரான குறும்பர்கள் கொடியேணியில் இறங்கி எடுப்பது இதைத்தான். இந்தத் தேனீ பெட்டியில் வளராது. அதனால் ஆண்டு முழுவதும் குடம் குடமாக 'மலைத்தேன்' விற்கும் இடத்தில், அது எங்கே, எப்போது எடுத்தது என்ற கேள்விக்குப் பதில் வேண்டும்.

தண்ணீரில் சொட்டுவது, தீக்குச்சியில் தடவிக் கொளுத்துவது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது எல்லாம் வீண். அரிசிப் பாகு கலந்த தேன் இவற்றில் சுலபமாகத் தேறிவிடும். அதைப் பிடிக்க ஆய்வகம் வேண்டும். நீர்த்திருப்பது கலப்படம் என்பதும் தப்பு, காட்டுத்தேனில் ஈரம் இயல்பாகவே அதிகம். உறைந்தால் சர்க்கரை கலந்தது என்பதும் தப்பு. தேனிலுள்ள குளுக்கோஸ்தான் உறைகிறது. கசப்பும் பூவைப் பொறுத்தது, நாவல் பூத்தேன் கசக்கும்.

கண்ணால் கண்டுபிடிக்க முடியாத பொருளுக்குக் கேள்வி கேட்க ஓர் ஆள் வேண்டும். சாலையோரத்துப் பழைய பாட்டிலில் வாங்கியதற்கு அப்படி யாரும் இல்லை. பழங்குடி மக்களிடமிருந்து நேரில் கொள்முதல் செய்து, வடிகட்டி, ஈரம் பார்த்து அடைக்கும் கடையில் வாங்குங்கள். லேபிளில் எடுத்த பகுதி, அடைத்த தேதி, தொகுதி (பேட்ச்) எண், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும். அறிமுகமான குறும்பர் குடும்பம் அறுவடைக் காலத்தில் அடையோடு தருகிறது என்றால் அது வேறு, தாராளமாக வாங்கலாம்.

முதல் தடவைக்கு 250 கிராம் போதும். ஈரம் மிகுந்த தேன் சமவெளிச் சூட்டில் நுரைத்துப் புளிக்கத் தொடங்கும், மூடி இறுகியிருந்தால் பொங்கி வழியும். கண்ணாடிப் பாட்டிலில் மேலே இரண்டு விரல் இடம் விட்டு நிரப்பியதாகப் பார்த்து எடுங்கள், ஈரக்கரண்டி போடாதீர்கள். விமானத்தில் வருபவர்கள் சரக்குப் பெட்டியில் வையுங்கள், கைப்பையில் இருந்தால் சோதனையில் நிறுத்திவிடுவார்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு எந்தத் தேனும், எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும், கொடுக்கவே கூடாது.