டோபிராமேட்: காஸ் போன 100 பிளஸ்

மச்சானுக்கு ஒற்றைத் தலைவலிக்கு டோபிராமேட் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். புலனத்தில் (வாட்ஸ்அப்) கேட்டிருந்தார்: "நீங்கதான் வலிப்புக்கு வருசக்கணக்கா சாப்பிடுறீங்களே, எப்படி?"

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வலிப்பு நின்றுவிட்டது. அந்த விஷயத்தில் இந்த மாத்திரையைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

ஆனால் அந்த நாக்கைத்தான் அது கெடுத்து வைத்திருக்கிறது. மலேசியாவின் பட்டர்வொர்த் வெயிலில் நாசி கண்டார் என்கிற கறிச்சோற்றை ஒரு பிடி பிடித்துவிட்டு, ஐஸ் பெட்டிக்குள் கிடந்த 100 பிளஸ் காஸ் பான டின்னை எடுத்து உடைக்கிறேன். 'சுர்' என்கிறது. குமிழி கண்ணுக்குத் தெரிகிறது. வாயில் ஊற்றினால் சுருக்கென்று ஒன்றுமே இல்லை! முந்தாநாள் திறந்து வைத்த சர்க்கரைத் தண்ணி, கூடவே லேசாக இரும்பு வாடை. தேதி முடிந்த சரக்கோ என்று டின்னைத் திருப்பிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

காஸ் பானத்தின் சுருக்கு குமிழி வெடிப்பதால் மட்டும் வருவதில்லை. நாக்கில் உள்ள கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி கரியமில வாயுவை அமிலமாக்கும். அந்தப் புளிப்பும் கடியும்தான் நமக்குச் சுருக்கென்று தெரிகிறது. டோபிராமேட் அந்த நொதியை மட்டுப்படுத்துகிறது. மலையேறுபவர்கள் சாப்பிடும் அசெட்டசோலமைடும் இதே வேலையைச் செய்யும். தே தாரேக் என்கிற நுரைத் தேநீர் மட்டும் தப்பித்தது. அதன் நுரை ஆற்றி ஆற்றி வருவது, வெறும் காற்று.

விரல் நுனியிலும் பாதத்திலும் குறுகுறுவென்று எறும்பு ஊர்வதுபோல இருக்கும். பழகிவிடும். பசி குறையும், எடை இறங்கும். என் மனைவிக்குப் பொறாமை. பேசிக்கொண்டிருக்கும்போதே தெரிந்த பெயர் நுனிநாக்கில் நின்றுகொள்ளும். டோஸ் ஏற ஏற இது கூடும். அதனால்தான் பெரும்பாலும் 25 மில்லிகிராமில் தொடங்கி வாரவாரம் மெதுவாக ஏற்றுகிறார்கள். அவசரப்படாதீங்க மச்சான்.

விளையாட்டில்லாத சங்கதிகளும் உண்டு. சிறுநீரகக் கல் வரலாம், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். வியர்வை குறையும், நம் ஊர் வெயிலில் அது ஆபத்து, பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம். திடீரென்று கண் வலித்துப் பார்வை மங்கினால் அன்றைக்கே மருத்துவமனை. மனசு இருண்டு, செத்துப்போகலாம் என்று தோன்றினாலும் அப்படியே. கருத்தரிக்கும் வயதுப் பெண்கள் ஆரம்பத்திலேயே டாக்டரிடம் பேசிவிட வேண்டும், குழந்தைக்கு உதட்டுப் பிளவு வரும் வாய்ப்பு கூடுகிறது. பிடிக்கவில்லை என்று நீங்களாக நிறுத்தவும் கூடாது. என்னைப் போன்றவர்களுக்கு வலிப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பி வரலாம்.

மார்க்கு கேட்டால் ஐந்துக்கு இரண்டுதான் போடுவேன். அடுத்த மாத மருந்தையும் தவறாமல் போய் வாங்கிக்கொள்வேன். தீபாவளிக்கு வீட்டுக்கு வரும்போது எனக்கு மட்டும் அந்த ஆரஞ்சு காஸ் தண்ணியை ஊற்றாதீங்க. சிரப் கலந்து வைத்தால் போதும்.