எம்எம்ஏவா, மருத்துவ அகாடமியா?

கோலாலம்பூரில் ஹவுஸ்மேன்ஷிப் (பட்டம் பெற்றபின் செய்யும் கட்டாய மருத்துவமனைப் பயிற்சி) முடித்து, சிகிச்சையோடு கற்பித்தலும் ஆராய்ச்சியும் வேண்டும் என்று நினைக்கும் நம் பிள்ளைகள் மலேசிய மருத்துவச் சங்கம் (எம்எம்ஏ), மலேசிய மருத்துவ அகாடமி ஆகிய இரண்டில் எதில் சேர்வது என்றுதான் தடுமாறுகிறார்கள்.

யார் சேரலாம்?
எம்எம்ஏ: பதிவு பெற்ற எந்த மருத்துவரும். மாணவர்களுக்கும் இடம் உண்டு.
அகாடமி: நிபுணர்களின் அமைப்பு. ஃபெல்லோ (உயர்நிலை உறுப்பினர்) ஆக நிபுணத்துவத் தகுதி வேண்டும்.

எழுத்து, ஆராய்ச்சி
எம்எம்ஏ: மலேசிய மருத்துவ இதழை வெளியிடுவது இவர்கள்தான். 1890இல் நீரிணைக் குடியேற்ற (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய அன்றைய பிரிட்டிஷ் பகுதி) மருத்துவர்கள் தொடங்கிய இதழின் தொடர்ச்சி அது. வார்டில் பார்த்த ஒரு அபூர்வ நோயைப் பற்றி மூத்த மருத்துவரோடு சேர்ந்து ஒரு சிறு கட்டுரை எழுதி அனுப்பிப் பாருங்கள். மதிப்பீட்டாளர் கேட்கும் கேள்விகளே பெரிய பாடம். வெளியானால் விரிவுரையாளர் பணிக்கு விண்ணப்பிக்கும்போதும் கைகொடுக்கும்.
அகாடமி: சுகாதார அமைச்சோடு சேர்ந்து சிகிச்சை வழிகாட்டிகள் உருவாக்குவதில் பங்கு.

பயிற்சி
எம்எம்ஏ: கருத்தரங்கு, தொடர்கல்விப் புள்ளிகள்.
அகாடமி: இங்கேதான் அதன் பலம். துறைவாரியான கல்லூரிகள் (அந்தந்தத் துறை நிபுணர்களின் அமைப்புகள்) அதன் கீழ் இயங்குகின்றன. பல்கலைக்கழக முதுகலையில் இடம் கிடைக்காதவர்களுக்கு இணைப்பாதைப் பயிற்சியில் (பல்கலைக்கழகத்துக்கு வெளியே, பெரும்பாலும் வெளிநாட்டுக் கல்லூரித் தேர்வுகள் வழி நிபுணராகும் பாதை) அவை துணை நிற்கின்றன.

பணி உரிமை
எம்எம்ஏ: ஒப்பந்த மருத்துவர் பிரச்சினை, ஆன்-கால் படி (அழைப்புப் பணிக்கான கூடுதல் ஊதியம்) எல்லாவற்றுக்கும் குரல் கொடுக்கும்.
அகாடமி: அது அதன் முதன்மை வேலை அல்ல.

சரி, எதில் சேர்வது? நிபுணராகும்வரை எம்எம்ஏ போதும், இப்போதே சேருங்கள். துறை முடிவானவர்கள் அந்தத் துறைக் கல்லூரியின் பட்டறைகளுக்குப் போகத் தொடங்கலாம். கற்பிப்பதே வாழ்க்கை என்று முடிவெடுத்த நிபுணருக்கு என் பரிந்துரை அகாடமிதான்.