கையில் ஒட்டிய சென்சரும் என் இராச்சாப்பாடும்

பதினொரு வருடமாக எனக்குச் சீனி வருத்தம். மாதம் ஒருக்கா கிளினிக்குக்குப் போவது, வெறுவயிற்றோடு இரத்தம் கொடுப்பது, கொப்பியில் ஓர் இலக்கம் எழுதி வாங்குவது. 130க்குக் கீழே இருந்தால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனம் லேசாக இருக்கும். ஆனால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி மட்டும் 8.4, 8.6 என்று இறங்காமலே நின்றது. காலையில் நல்ல பிள்ளை மாதிரி இருக்கும் சீனி மற்ற நேரம் எங்கே போய் ஏறுகிறது என்று எனக்கும் விளங்கவில்லை, டொக்டருக்கும் விளங்கவில்லை.

இந்தச் சித்திரையில் ரொரன்ரோவில் இருக்கும் தம்பி மூன்று குளுக்கோஸ் சென்சர் அனுப்பினான். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. சந்தையில் இருக்கிறவை பெரும்பாலும் ஒரே முறையில்தான் வேலை செய்கின்றன, நான் சொல்ல வருவது அவற்றில் அநேகமானவற்றுக்குப் பொருந்தும்.

பத்து ரூபாய்க் குற்றியை விடச் சற்றுப் பெரிய வெள்ளை வட்டம். மேற்கையின் பின்பக்கத்தில் வைத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். தோலுக்குள் அரைச் சென்ரிமீற்றர் அளவு மயிரிழை ஒன்று போகிறது. நுளம்பு கடித்த அளவு கூட நோகவில்லை. அது அளப்பது இரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் கலங்களுக்கு இடையே இருக்கும் நீரை. இழையில் பூசியிருக்கும் நொதியம் குளுக்கோசோடு தாக்கமடையும்போது உண்டாகும் சிறு மின்னோட்டத்தைக் கணக்கிட்டு, இலக்கமாகப் போனுக்கு அனுப்புகிறது. அளப்பது அந்த நீரை என்பதால், விரலில் குத்திப் பார்ப்பதை விட ஐந்து, பத்து நிமிடம் பிந்தித்தான் காட்டும். பதினான்கு நாள் இரவு பகலாக அப்படியே கிடக்கும்.

இரண்டாம் நாளே விடை கிடைத்துவிட்டது. எங்கள் வீட்டில் இராச்சாப்பாடு ஒன்பதரைக்கு. வேலையால் வந்து, விளக்கு வைத்து, சமைத்து முடிய அந்த நேரம் ஆகிவிடும். அன்றைக்குப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். பத்தே முக்காலுக்கு 262. ஒரு மணிக்கும் 230க்கு மேல். நான் நித்திரையில் கிடக்க அது மெல்ல மெல்ல இறங்கி, காலை ஆறு மணிக்கு 127இல் வந்து நின்றது. கிளினிக்கில் இத்தனை வருடமாக அவர்கள் பார்த்தது அந்த 127ஐத்தான்.

அதற்குப் பிறகு நான் சாப்பிட்டதையெல்லாம் பழைய டயறி ஒன்றில் எழுதத் தொடங்கினேன். வெள்ளை மா இடியப்பம் ஆறு, சொதி, சம்பல்: 247. சிவப்பரிசி மாவில் அதே ஆறு: 219. நான் பெரிதாக நம்பியிருந்தது குரக்கன் புட்டை. சீனி வருத்தக்காரருக்கு அது மருந்து என்று ஊரே சொல்லும். ஒரு நீத்துப்பெட்டி நிறைய அவித்து, பயப்படாமல் சாப்பிட்டேன். 231. அடுத்த நாள் அதில் பாதியை எடுத்து, முருங்கையிலை வறையும் ஒரு முட்டையும் முதலில் சாப்பிட்டுவிட்டுப் பிறகு புட்டைச் சாப்பிட்டபோது 168. மரக்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டால் ஏற்றம் குறைகிறது என்று 2015இல் நியூயோர்க்கில் பதினொரு நோயாளிகளை வைத்துச் செய்த சிறிய ஆய்வொன்று வந்திருக்கிறது. வாசித்தபோது தலையாட்டிவிட்டுப் போனேன். என் போனில் அந்தக் கோடு படுத்துக் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

பனங்கட்டிதான் மனதைக் கஷ்டப்படுத்தியது. சீனி போடாத தேத்தண்ணி, கூடவே ஒரு துண்டு பனங்கட்டி, பின்னேரம் நாலு மணிக்கு. அம்மா காலத்திலிருந்து வரும் பழக்கம். பனங்கட்டி சீனி இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நாலரைக்குக் கோடு நேரே மேலே போனது, தேத்தண்ணிக்குச் சீனி போட்டால் எப்படிப் போகுமோ அப்படியே. மூன்று நாள் பார்த்தேன், மூன்று நாளும் அதேதான். ஆனால் நண்டும் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் போட்டுக் காய்ச்சிய ஒடியல் கூழ் ஒரு கோப்பை குடித்த அன்று 170ஐத் தாண்டவில்லை. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தில் ஒரு கன்னம் சாப்பிட்டதற்கு நாற்பது கூடியது. அது எனக்குச் சம்மதம்.

சரி, குறைகளையும் சொல்ல வேண்டும். வைகாசி வெயிலில், காண்டாவனம் தொடங்கியதும், வியர்வையில் ஓரம் கிளம்பத் தொடங்கியது. சட்டைக் கை பட்டுப் பட்டு இன்னும் கிளம்பியது. மேலே துணிப் பிளாஸ்டர் சுற்றித்தான் காப்பாற்றினேன். கிணற்றடியில் அள்ளிக் குளிப்பதால் ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாள் விடியப்புறம் இரண்டே முக்காலுக்கு 58 என்று அலாரம் அடித்தது. பதறி எழும்பி விரலில் குத்திப் பார்த்தால் 109. அந்தக் கைப்பக்கமாகப் படுத்து அமத்தியிருக்கிறேன். அப்படி அமத்தினால் பொய்யாகக் குறைத்துக் காட்டும். இலக்கம் உடம்புக்கு ஒத்துவராவிட்டால் விரலில் குத்திப் பார்க்காமல் எதுவும் செய்யக் கூடாது. இரண்டாவது சென்சர் ஒன்பதாம் நாளே நின்றுவிட்டது. பார்சலில் வந்த பொருளுக்கு இங்கே மாற்றித் தர ஆளில்லை.

ஆனாலும் கிளினிக்கில் அந்த ஒரு நாளுக்காகவே இது பெறுமதியானது. டொக்டர் போனை வாங்கி ஒவ்வொரு நாளாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். 70க்கும் 180க்கும் இடையில் நான் இருந்த நேரம் 48 வீதம். எழுபது வீதத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்பது 2019இல் உலக நிபுணர்கள் கூடி வகுத்த அளவு. மருந்தைக் கூட்டாமல், மாத்திரை எடுக்கும் நேரத்தை மாற்றினார். இராச்சாப்பாட்டை ஏழரைக்குக் கொண்டுவரச் சொன்னார். கடைசி நாலு நாளும் 66 வீதம்.

1999இல் அமெரிக்காவில் முதலாவது சென்சருக்கு அனுமதி கொடுத்தபோது அது மூன்று நாள்தான் உழைக்கும், இலக்கத்தை டொக்டர் மட்டுமே பிறகு எடுத்துப் பார்க்கலாம். 2024 மார்ச்சில் அங்கேயே டொக்டரின் சீட்டில்லாமல் கடையில் வாங்கும் சென்சருக்கும் அனுமதி கிடைத்துவிட்டது. எங்கள் கிளினிக்கில் மாத்திரை இலவசம், இன்சுலின் இலவசம். 2022இல் மருந்து தட்டுப்பட்டு வெளியே காசு கொடுத்து வாங்கி அலைந்தபோதுதான் அந்த இலவசத்தின் அருமை எனக்கு விளங்கியது. அதே வரிசையில் இதையும் வைக்கலாம். என்னைப் போல மாத்திரைக்காரருக்கு வருடம் முழுக்கத் தேவையில்லை. வருடத்தில் ஒரு முறை, இரண்டு கிழமை, கிளினிக்கே ஒட்டிவிட்டால் போதும். கை காசில் வாங்குகிறவர்களுக்கும் அதையேதான் சொல்வேன். சிறுவயதிலேயே வரக்கூடிய முதலாம் வகைக்காரருக்குத்தான் இது எப்போதும் வேண்டும். இங்கிலாந்தில் 2022இலேயே அவர்கள் எல்லோருக்கும் கொடுக்கச் சொல்லி வழிகாட்டல் வந்துவிட்டது.

மூன்றாவது சென்சரை நான் ஒட்டவில்லை. பக்கத்து வீட்டுப் பெடியனுக்கு நாளுக்கு நாலு தரம் இன்சுலின். இரவில் சீனி விழுந்துவிடுமோ என்று தாய் இரண்டு மணிக்கு எழும்பி, நித்திரையில் கிடக்கும் பிள்ளையின் விரலைப் பிடித்துக் குத்துவா. அவர்களுடைய டொக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் இரவு மூன்று பத்துக்கு 66 என்று அடித்திருக்கிறது. குத்திப் பார்த்தால் 64. குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்துவிட்டு, ஏறும் வரை போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாவாம். மற்ற இரவுகளில் விடியும் வரை நித்திரை கொண்டதாகச் சொன்னா.

எத்தனை நாள் மிச்சம் என்று அந்தப் போன் காட்டும். நேற்று மதிலடியில் நின்று, "அக்கா, இன்னும் ஆறு நாள்தான் காட்டுது, தம்பி இனி எப்ப அனுப்புவார்?" என்று கேட்டா. இரவே தம்பிக்கு எடுத்துக் கதைத்தேன். ஆவணியில் வருகிற ஒருவரிடம் இரண்டு கொடுத்துவிடுகிறானாம்.